கணக்கை வாய்விட்டுப் படி

நான் எம்.பி.ஏ. படித்தது உள்கடனில். வங்கியில் வாங்கிய கல்விக் கடன் இல்லை. என் அம்மா உறுப்பினராக இருந்த மகளிர் சங்கத்தில் இருபது பெண்கள் வாராவாரம் போட்ட சேமிப்பிலிருந்து, நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கிடைத்த பணம். முதல் வருடக் கட்டணத்தில் பெரும்பகுதி அதில்தான் கட்டினேன். ஓசூருக்கு வந்து கல்லூரியில் பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு இதை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டாஃப் ரூமில் சொந்த ஊர், அப்பா பார்க்கும் வேலை என்று பேச்சு வந்தால், "கிருஷ்ணகிரி பக்கம், விவசாயக் குடும்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மாங்காய்ப் பருவத்தில் போச்சம்பள்ளி, சந்தூர்ப் பக்கத் தோப்புகளில் காய் பறிக்கப் போவார். மற்ற நாட்களில் கிடைத்த வேலை. அம்மா களை எடுக்கவும் நடவுக்கும் போனவர். வணிக நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி இதையெல்லாம் வெளியில் சொல்வதா என்ற வெட்கம் என்னிடம் வெகுகாலம் இருந்தது.

இப்போது சொல்லத் துணிந்ததற்கு ஒரு பாடத்திட்டம் காரணம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கென்று இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றை வகுத்தது. எந்தப் படிப்புப் படிக்கிற மாணவராக இருந்தாலும் ஊருக்குள் போக வேண்டும், பாடத்தின் பாதி நேரம் களத்தில் கழிய வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் துறையில் அதைப் பற்றிக் கூடிப் பேசினோம். எந்த ஊருக்குப் போவது, பஸ்ஸுக்கு யார் பணம் கொடுப்பது, பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு நேரம் போதுமா என்று கேள்விகள் வந்தன. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அம்மாவின் சங்கத்துத் தீர்மானப் புத்தகம். ஒரு ஊர் ஒரு வணிக மாணவிக்கு எதைக் கற்றுக்கொடுக்கும் என்று எனக்கு நேரடியாகத் தெரியும். நானே அப்படிக் கற்றவள்.

அம்மாவின் சங்கம் தொடங்கிய காலத்தில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அந்தப் பழைய தர்மபுரி மாவட்டத்துக்கு 1970-களிலும் 80-களிலும் இரண்டு பெரிய காரியங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை. பின்தங்கிய மாவட்டம் என்பதற்கான சலுகைகள், பக்கத்திலேயே பெங்களூரு, நடுவில் நெடுஞ்சாலை. டிவிஎஸ் வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, டைட்டன் வந்தது. இன்னொன்றைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1989-இல் ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, அதற்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் தர்மபுரி. கடன் கொடுத்தது இந்தியன் வங்கி. ஊர் ஊராகப் போய்க் குழுக்களை உருவாக்கிய தொண்டு நிறுவனங்களில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடாவும் ஒன்று. நபார்டு வங்கி 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை ஆரம்பித்தது 1992-இல். மகளிர் திட்டம் தமிழகம் முழுக்கப் பரவத் தொடங்கியது 1997-இல். அதற்கெல்லாம் முன்பே எங்கள் பக்கத்துப் பெண்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கடனுக்கு வட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கும் எங்கள் கல்லூரிகள் சிப்காட்டைப் பார்க்க பஸ் நிறையப் பிள்ளைகளை அனுப்புகின்றன. தொழிற்சாலையில் மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நடந்து, உற்பத்தி வரிசையைப் பார்த்து, கேன்டீனில் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். அது தேவைதான். ஆனால் அதே மாவட்டத்தில் ஆரம்பத்திலேயே வேரூன்றிய, பிறகு நாடு முழுவதும் பரவிய இன்னொரு நிர்வாக முறையைப் பார்க்க ஒரு பஸ்கூடக் கிளம்பியதில்லை.

எங்கள் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. வருகைப் பதிவு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் புத்தகம். எழுதுவதோடு வேலை முடியாது. எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி, வங்கியில் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று எல்லாவற்றையும் உரக்கப் படிப்பேன். பாதிப் பேர் வெற்றிலை மடித்துக்கொண்டோ குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டோ இருப்பார்கள். கேட்கிறார்களா என்றே தெரியாது. ஒரு எண் தவறினால் போதும், மூலையிலிருந்து குரல் வரும்: "போன வாரம் நூத்திப் பத்துன்னு படிச்ச, இப்ப நூறுங்கற?" எழுத்துத் தெரியாதவர்கள் அத்தனை கணக்கையும் காதில் வைத்திருந்தார்கள். காதுக்கு வராத எதையும் அவர்கள் கணக்கு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

எம்.பி.ஏ.வுக்கு இடம் கிடைத்ததும் அம்மா சங்கத்தில் கடன் கேட்டார். கடன் அம்மாவின் பெயரில்தான், ஆனால் படிக்கப் போவது நான் என்பதால் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். பேரேட்டை மடியில் வைத்திருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எத்தனை வருஷப் படிப்பு, முடித்தால் என்ன வேலை, சம்பளம் எவ்வளவு வரும், யாரைக் கேட்டு அந்தத் தொகையைச் சொல்கிறாய், வேலை கிடைக்காமல் போனால் எதை வைத்துக் கட்டுவாய் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். "நடுவுல கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டா, கடனு உங்கம்மா தலையிலதான. அப்ப அவ கூலியில எவ்ளோ புடிச்சிக் கட்டுவா, அதச் சொல்லு." பின்னாளில் நான் போன எந்த நேர்காணலிலும் இவ்வளவு தெளிவான கேள்விகளை யாரும் கேட்டதில்லை. சரியாகக் காதில் விழாத குரலில் பதில் சொன்னேன். கடைசியில் சரி என்றார்கள். பேனாவை எடுத்துத் தீர்மானம் எழுதப் போனேன். கைநாட்டு வைக்கிற மூத்த அம்மா ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"உன் கடன நீ எழுதாத பாப்பா. வேற கை எழுதட்டும்."

பக்கத்து வீட்டிலிருந்து பத்தாவது படிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு வந்தார்கள். அவள் எழுதினாள். அவளே வாய்விட்டுப் படித்தாள். யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை. முறை அப்படி, அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து, கணக்கியல் வகுப்பில் இதையே பாடமாகக் கேட்டேன். பணத்தைக் கையாளுகிறவரும் அதைப் பதிவு செய்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தன்னைப் பற்றிய பதிவைத் தானே எழுதக் கூடாது. ஆசிரியர் உதாரணம் கேட்டார். ஒருவர் வங்கிக் காசாளரைச் சொன்னார், இன்னொருவர் ஏதோ பன்னாட்டு நிறுவனத்தில் நடந்த மோசடியைச் சொன்னார். என்னிடம் இருந்தது அவை எல்லாவற்றையும்விட நல்ல உதாரணம். நான் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் நான் வாயைத் திறக்காததைத்தான் இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன். என் மாணவர்கள் முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது, அவர்களிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற உதாரணம் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

ஊருக்குப் போய்ப் படிப்பது ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த புது முறை என்று எங்கள் வட்டாரத்திலும் பலர் நினைக்கிறார்கள். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் கிராமத்தை ஆராய்ந்து எழுதச் சொன்னார். நிலம் யாரிடம், கடன் யாரிடம், கூலி எவ்வளவு, எந்தத் தொழில் நசிந்தது என்றெல்லாம் மாணவர்கள் எழுதி வந்தவை 1918-இல் ஒரு நூலாக வெளியாயின. அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களை மறுபடி ஆய்வு செய்தார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நந்தி மலையில் பிறந்து, எங்கள் கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் தாண்டிப் போகிற தென்பெண்ணை, கீழே அந்த இருவேல்பட்டுப் பக்கமாகத்தான் கடலுக்குப் போகிறது. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டிய அதே புயலில் அந்தப் பக்கமும் வெள்ளத்தில் மிதந்தது.

ஜே.சி. குமரப்பாவின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றார், பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார், அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும் கொலம்பியாவில் பொது நிதியும் படித்தார். இன்றைய எம்.பி.ஏ. மாணவர் கனவு காணும் பாதை முழுவதையும் நூறு வருடத்துக்கு முன்பே நடந்து முடித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகாவுக்குப் போய், அங்குள்ள மக்களின் வரவு செலவை வீடு வீடாக எழுதினார். 1931-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதுவரை கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்த அதே கை, ஒரு ஏழை விவசாயியின் கணக்கையும் அதே கறாரோடு எழுதியது. வணிகக் கல்வி எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் அவர்தான். எங்கள் பாடப் புத்தகங்களில் பீட்டர் டிரக்கர் இருக்கிறார், பிலிப் கோட்லர் இருக்கிறார். குமரப்பா இல்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

கல்லூரிகள் ஊருக்கே போகவில்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இலிருந்து இருக்கிறது. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் ஒவ்வொரு கல்லூரியும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் கோயில் வாசலைப் பெருக்குகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், மருத்துவ முகாமில் வரிசையை ஒழுங்கு செய்கிறார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் வணிகம் படிக்கிற மாணவரிடம் ஊருக்குத் தேவைப்படுகிற வேறொன்று இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் காகிதத்தைப் படித்துச் சொல்லவும், வட்டி சரியாகத்தான் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கவும், ஒரு வியாபாரத்தில் லாபம் எங்கே கசிகிறது என்று கட்டம் போட்டுக் காட்டவும் அவருக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு அவர் கையில் துடைப்பத்தை மட்டும் கொடுத்தால், ஊருக்கும் முழுப் பயன் இல்லை, அவருக்கும் இல்லை.

எங்கள் துறையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. எந்த ஊரைப் பற்றி எழுதுகிறார்களோ, அந்த ஊரில் உட்கார்ந்து அந்த அறிக்கையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தமிழில் படிக்க வேண்டும். கேட்பவர்கள் குறுக்கே பேசலாம், திருத்தலாம். திருத்திய பிறகே அறிக்கை கல்லூரிக்கு வர வேண்டும். இது எங்கிருந்து வந்த யோசனை என்று துறைத் தலைவர் கேட்டார். அம்மாவின் சங்கத்தைப் பற்றி, உள்கடனைப் பற்றி, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

அந்த யோசனையோடு ஊருக்குள் போன எங்களுக்கு 2025-இன் மாங்காய்ப் பருவம் பெரிய பாடமாக வந்தது. கிருஷ்ணகிரியில் விளைகிற மாங்காயில் பெரும்பகுதி பெங்களூரா. தோத்தாபுரி, கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். நேராகச் சாப்பிடுவதைவிட மாங்கூழ் ஆலைக்குப் போவதுதான் அதிகம். அந்த வருடம் காய்ப்பு அமோகம். ஆலைகளிலோ முந்தைய வருடக் கூழே தேங்கிக் கிடந்தது. விலை சரிந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு, ஆலைகள் 8 ரூபாய் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 4 ரூபாய் அரசு சேர்த்துக் கொடுக்கும் என்று 12 ரூபாய் நிர்ணயித்தது. ஜூன் மாதம் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் கர்நாடகத்துக்கு மத்திய அரசு, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அளவுகோலில் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. நம் பக்கத்திலும் ஆதரவு விலை கேட்டுப் போராடினார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குள் ஆந்திரா, ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் கர்நாடகம். ஒரே காய், ஒரே மண், மூன்று மாநிலத்தில் மூன்று விதமான கணக்கு. விலை என்பது தேவையும் அளிப்பும் சந்திக்கும் புள்ளி என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருந்தேன். அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு மாநில எல்லை ஓடும் என்பதைப் பிள்ளைகள் மண்டியில் நின்று பார்த்தார்கள்.

ஒரு குழு காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டது. விலை, மண்டிக் கமிஷன், லாரி வாடகை, பறிகூலி, மருந்து, உரம் எல்லாவற்றையும் கேட்டுக் கட்டம் போட்டு, ஏக்கருக்கு நஷ்டம் எவ்வளவு என்று நேர்த்தியாக எழுதியிருந்தார்கள். படிக்கிற நாள் வந்தது. சாயங்காலம், பால் சொசைட்டி முன்னால். ஒரு மாணவி எழுந்து நின்று படித்தாள். லாரி வாடகைக்கு வந்ததும் ஒருவர் நிறுத்தினார். ஆலை வாசலில் வண்டி காத்திருந்த நாட்கள் எங்கே என்று கேட்டார். காத்திருக்கக் காத்திருக்கக் காய் பழுத்து எடை குறைகிறது, அழுகினதைக் கழித்துவிடுகிறார்கள், வண்டிக்காரருக்குத் தனியாகக் காத்திருப்புக் கூலி. "இத எல்லாம் எந்தக் கட்டத்துல போட்ட?" எந்தக் கட்டத்திலும் இல்லை. அவள் பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

'விவசாயிக்கு ஏற்பட்ட நஷ்டம்' என்ற தலைப்பு வந்ததும் இன்னொருவர் எழுந்தார். "நான் விவசாயி இல்லம்மா, குத்தகைக்காரன். பூ பூக்கறப்பவே தோப்புக்காரர் கையில பணத்தக் குடுத்துட்டேன். அவருக்கு நஷ்டமே இல்ல. நாளைக்கு கவர்மென்ட்டு ஏதாவது குடுத்தா, பட்டா யாரு பேர்ல இருக்கோ அவருக்குத்தான் வரும். என்ன எந்தக் கணக்குல சேக்கறது?" கூட்டத்தில் தோப்புக்காரர்களும் இருந்தார்கள். பேச்சு சூடாயிற்று. மாணவர்கள் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கத்தில் இதைவிடச் சூடான பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். பேசித் தணியும் என்று தெரியும். நிலம் இருப்பவரை மட்டும் விவசாயி என்று வைத்துப் போடுகிற எந்தத் திட்டமும் பணத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதை, பொதுக் கொள்கை பற்றிய எந்தப் பாடமும் என் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கியிருக்காது.

பிறகு, ஓரமாக நின்றிருந்த பெண்களில் ஒருவர் கேட்டார். காய் பறிக்கிற, பொறுக்குகிற, கூடை சுமக்கிற வேலை அவருக்கு.

"எங்கள எங்கம்மா எழுதியிருக்க?"

மாணவி தாளைப் புரட்டினாள். "செலவுல இருக்கு அக்கா. பறிகூலி."

"அது அவங்களுக்குச் செலவு. எங்களுக்கு? இந்த வருஷம் காய மரத்துலயே உட்டுட்டாங்க. எங்களுக்கு எத்தன நாள் வேல போச்சி, அத எழுதுனியா?"

என் அப்பா ஆயுள் முழுக்க அந்தக் கட்டத்தில்தான் இருந்தார். கணக்கியல் பாடத்தை இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன். பறிகூலியைச் செலவு என்ற தலைப்பில் எழுத நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது சரியான கணக்குத்தான், தோப்புக்காரரின் புத்தகத்தில். அந்த அக்கா கேட்டது, அவருடைய புத்தகத்தை யார் எழுதுவார்கள் என்று. அன்றிரவு பஸ்ஸில் மாணவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் அவர்களாகவே திரும்பப் போனார்கள். பறிக்கும் பெண்களிடம் மட்டும் உட்கார்ந்து, வழக்கமான பருவத்தில் எத்தனை நாள் வேலை, அந்த வருடம் எத்தனை, அந்த இடைவெளியை எந்தக் கடனால் நிரப்பினார்கள் என்று தனி அட்டவணை போட்டார்கள். இறுதி அறிக்கையில் ஒரே ஊருக்கு மூன்று வரவு செலவு இருந்தது: தோப்புக்காரருடையது, குத்தகைக்காரருடையது, பறிக்கிறவருடையது. நான் இதுவரை திருத்திய ஆய்வறிக்கைகளில் இதுதான் சிறந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. இன்னொரு குழு சிப்காட்டின் உள்சந்துகளில் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்குப் போனது. நான்கு லேத்து, ஒரு சிஎன்சி, மாடியில் வீடு, கணக்குப் பார்ப்பது முதலாளியின் மனைவி. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்பவருக்கு உதிரிபாகம் செய்பவர். சரக்கு போன பிறகு பணம் வர மூன்று மாதம், நான்கு மாதம். 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி குறுந்தொழில், சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், கொடுத்துத் தீர்க்கும் வரை வாங்கியவர் அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாணவர்கள் ஆர்வத்தோடு அதை எடுத்துச் சொன்னார்கள். "எங்களுக்கும் தெரியும்பா. கேட்டா பணம் வரும், அடுத்த ஆர்டர் வராது" என்றார் அந்த அம்மா. அங்கே அறிக்கையை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. பெயர் வெளியே போனால் பட்டறை மூடிவிடும். ஊர் பேரெல்லாம் எடுத்துவிட்டு அவர்களுக்கு மட்டும் வீட்டுக்குள் படித்துக் காட்டிவிட்டு வந்தோம். வாய்விட்டுப் பேச முடிவதற்கே ஒரு பலம் வேண்டும். இருபது பேர் சேர்ந்த சங்கத்துக்கு இருந்த அந்தப் பலம், தனியாக நிற்கிற பட்டறைக்காரருக்கு இல்லை. இதையும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். கிருஷ்ணகிரி மண்டிகளில் உருதும் உண்டு. வகுப்பில் ஆங்கிலத்தில் செமினார் கொடுக்கச் சொன்னால் காய்ச்சல் என்று லீவு போடுகிற ஒரு பையன், சூளகிரியில் கொத்தமல்லி வியாபாரிகளிடம் தெலுங்கில் பேசி, எந்த விடியலில் எந்த வண்டி பெங்களூருக்குப் போகிறது, கட்டு ஒன்றுக்கு யார் கையில் எவ்வளவு நிற்கிறது என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தான். அதுவரை அவனுக்குத் தெலுங்கு தெரியும் என்பதே வகுப்பில் யாருக்கும் தெரியாது. அவனாகச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் துறையில் ஒரு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். களப்பணிக்கான மதிப்பெண்ணில் ஒரு பங்கை ஊர்க் கூட்டத்தின் கையில் விட்டிருக்கிறோம். அவர்கள் எண்ணாகப் போட வேண்டியதில்லை. படித்ததைக் கேட்டுவிட்டு, எது சரி, எது விட்டுப்போயிற்று, திரும்ப வந்து சரி செய்தார்களா என்று சொன்னால் போதும். அதை வைத்து நாங்கள் மதிப்பெண் போடுவோம். படிப்பறிவில்லாதவர்கள் எம்.பி.ஏ. மாணவருக்கு எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். என்னை எம்.பி.ஏ.வுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் கைநாட்டு என்று அவருக்குச் சொன்னேன்.

சூளகிரிப் பக்கத்து ஊர்க்காரர்கள் இப்போது ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: அறிக்கையைத் தெலுங்கிலும் படிக்க வேண்டும். குழுவில் தெலுங்கு பேசத் தெரிந்தவர்கள் பாதிப் பேர், எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை. தமிழ் எழுத்தில் தெலுங்கை எழுதி, நூலகத்தின் பின்பக்கம் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். 'கழிவு' என்பதற்கு அங்கே மண்டியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க அந்தப் பையன் நேற்று அவனுடைய பாட்டிக்குப் போன் போட்டான்.